ஏரியின் எழில் காணச் செல்வோரே!

லிவர்பூல் நகரிலே என் நண்பனொருவன் மருத்துவனாக இருக்கிறான். பள்ளியிலே என்னோடு ஒரே பலகையில் அமர்ந்தவன். நான் கல்லூரியைப் பாதியிலே உதறிவிட்டு மேடையேறினேன். அவன் படிப்பை முடித்துவிட்டுக் கப்பலேறாமலே கடல் கடந்தான். சென்ற திங்கள் அவனிடமிருந்து என் கைப்பேசிக்குப் படமொன்று வந்தது. நீலநிற நீர்ப்பரப்பு; அதன் பின்னே பசும்புல் போர்த்த மலை; மலைமீது பஞ்சுப் பொதியென மேகம்; நீரின் விளிம்பிலே தூண்டிலோடு ஒரு கிழவர். படத்தின் கீழே நண்பன் எழுதியிருந்தான்: “வேல்ஸ் நாட்டுச் சிற்றூர்ப்புறத்து நீர்த்தேக்கம் இது. ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு இங்கேதான் வருகிறேன். கட்சி, கூட்டம், கண்டனம் என்று காலத்தை ஓட்டுகிறாயே, ஒருநாள் இங்கு வந்து அமர்ந்து பார். நீருக்கு அரசியல் தெரியாது!”

நீருக்கு அரசியல் தெரியாதாம்! தோழனே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உன் முன்னே வந்து நிற்கிறேன்.

முதலிலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கரைக்கு இன்பம் நாடிச் செல்வதை நான் பழிப்பவனல்லன். ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் ஒரு நீர்க்கரையில் கால் நீட்டி அமர்வதற்கு எவனிடமும் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டியதில்லை. “ஏழைக்கு எதற்கடா உல்லாசம்?” என்று கேட்போரை நான் அறிவேன், அவர்களோடு வாதாட வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். கட்டுச்சோற்று மூட்டையும் கைக்குழந்தையுமாகப் பேருந்திலே நின்றுகொண்டே நீர்த்தேக்கம் பார்க்கப் போகும் குடும்பத்தைக் கண்டு மகிழ்பவன் நான். என் வழக்கு ஏரிக்குச் செல்வோர்மீது அன்று. ஏரியை எவரும் எதுவும் கேட்கக்கூடாத வெறும் காட்சியாக்கி விற்போர்மீதுதான்.

நண்பன் அனுப்பிய படத்திலிருந்த நீர்த்தேக்கத்தின் பெயர் கெலின் ஏரி. இரண்டரை மைல் நீளம், ஒரு மைல் அகலம். வடக்கு வேல்ஸிலே, பாலா என்னும் சிறு நகரத்துக்கு அருகே, ட்ரவெரின் ஆற்றின் குறுக்கே மண்ணாலும் பாறையாலும் எழுப்பப்பட்ட அணையின் பின்னே தேங்கி நிற்கிறது. அணையின் முகத்திலே புல் வளர்த்திருக்கிறார்கள். அறியாதவன் பார்த்தால் அதையும் இயற்கையான குன்று என்றே எண்ணுவான்.

அந்த நீருக்கு அடியிலே ஓர் ஊர் கிடக்கிறது, தோழனே!

அதன் பெயர் கப்பெல் கெலின். பள்ளிக்கூடம் இருந்தது. அஞ்சலகம் இருந்தது. சிறு வழிபாட்டு மன்றம் இருந்தது, அதை ஒட்டி இடுகாடும் இருந்தது. வீடுகளும் பண்ணை மனைகளுமாகப் பன்னிரண்டு இருந்தன. ஏறத்தாழ எண்ணூறு ஏக்கர் நிலம். அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தோர் 67 பேர். அவர்களுள் வீடிழந்தோர் 48 பேர். “நாற்பத்தெட்டே பேர்தானா?” என்று கேட்கிறாயா? லிவர்பூல் நகர மன்றமும் அப்படித்தான் கேட்டது. ஆனால் அந்த மக்கள் பேசிய மொழி எதுவென்று மன்றத்தார் எண்ணிப் பார்த்தார்களில்லை. வேல்ஸ் மொழியே அங்கு வீட்டுமொழி, அதுவே வீதிமொழி, பள்ளியிலே பாடம் சொன்னதும் அம்மொழி, கல்லறைமேல் பெயர் பொறித்ததும் அம்மொழி. ஆங்கிலம் அலையலையாக வந்து மோதிய நாட்டிலே, மொழி முழுமையாக உயிர்த்திருந்த ஊர்கள் அன்றே விரல்விட்டு எண்ணும் நிலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. நாற்பத்தெட்டுப் பேரை வேறிடம் அனுப்பலாம். நாற்பத்தெட்டு வீடும் கட்டித் தரலாம். ஓர் ஊர் கூடிப் பேசிய பேச்சை எந்த வண்டியில் ஏற்றி எந்தத் தெருவில் இறக்குவது?

கதையை முறையாகச் சொல்கிறேன்.

லிவர்பூலுக்கு வேல்ஸின் நீர் புதிதன்று. 1880-களிலேயே வெர்ன்வி என்னும் பள்ளத்தாக்கிலே பெரும் கல்லணை எழுப்பி, லன்வுதின் என்ற ஊரை மூழ்கடித்து, அந்நகரம் நீர் கொண்டு சென்றது. பின்னர் பர்மிங்காம் நகரம் ஏலான் பள்ளத்தாக்கிலே கைவைத்தது. 1893 முதல் 1904 வரை அணைகள் எழுந்தன. ஏறத்தாழ நூறு பேர் வெளியேற்றப்பட்டனர். இழப்பீடு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? நிலச்சொந்தக்காரருக்கு! குடியிருந்தவன், உழுதவன், ஆடு மேய்த்தவன் ஆகியோர்க்குக் கிடைத்தது வழிச்செலவுகூட இல்லாத வெளியேற்றம். இன்று அந்த இரண்டு இடங்களும் சுற்றுலாப் பயணியின் சொர்க்கம். வெர்ன்வி ஏரியின் மேட்டிலே தங்குவிடுதி, கரையிலே பறவைக் காப்பிடம். ஏலானிலே மிதிவண்டிப் பாதை. அழகுதான், மறுக்கவில்லை. 

இப்படி ஒருமுறை எடுத்துச் சுவை கண்ட லிவர்பூல், 1950-களின் நடுவிலே மறுபடியும் வந்தது. முதலிலே டோலானோக் என்ற பள்ளத்தாக்கைச் சுட்டியது. அது ஆன் கிரிஃபித்ஸ் என்னும் பாமகள் பிறந்து வளர்ந்த வட்டாரம். வேல்ஸ் மக்கள் கொதித்தெழுந்தனர். “அப்படியா? அது வேண்டாம்” என்று பெருந்தன்மையாகக் கையை எடுத்த நகர மன்றம், அதே கையை ட்ரவெரின்மீது வைத்தது. முதல் அறிவிப்பே கண்துடைப்புத்தான் என்று சொல்வோர் உண்டு. நான் நாடகம் எழுதுபவன். முதற்காட்சியில் போலிக் குறியைக் காட்டி, அரங்கம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரைமறைவில் உண்மைக் குறியை நெருங்கும் உத்தி எனக்கும் தெரியும். ஆயினும் உள்நோக்கத்துக்குச் சான்று என் கையில் இல்லை. ஆகவே குற்றம் சாட்டவில்லை, ஐயத்தோடு விட்டுவிடுகிறேன்.

உள்ளாட்சியின் திட்ட அனுமதி பெற வேல்ஸ் மன்றங்களிடம் போனால் கதவு சாத்தப்படும். எனவே லிவர்பூல் நேரே இலண்டன் பாராளுமன்றத்துக்குத் தனியார் மசோதாவொன்றைக் கொண்டு சென்றது. சட்டமே இயற்றிவிட்டால் சம்மதம் எதற்கு?

ஊரார் சும்மா இருந்தார்களா? 1956 நவம்பரில் அந்தக் குக்கிராமமே புறப்பட்டு லிவர்பூல் தெருக்களிலே ஊர்வலம் போனது. முதியோர் போயினர், தாய்மார் போயினர், பள்ளிப் பிள்ளைகளும் போயினர். “உங்கள் இல்லங்கள் பத்திரமாயிருக்கின்றன, எங்கள் இல்லங்களையும் விட்டுவையுங்கள்” என்னும் பொருள்பட அட்டை எழுதி ஏந்திச் சென்றனர். கல்லெறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. பிளைட் கம்ரி என்னும் வேல்ஸ் தேசியக் கட்சியின் தலைவர் குவின்வோர் எவன்ஸ் நகர மன்றத்திலே எழுந்து பேச முயன்றார். கூச்சலிலே அவர் குரல் அமுக்கப்பட்டது.

மற்றொரு வேடிக்கையையும் கேள். லிவர்பூல் வேல்ஸுக்கு அயலூரே அன்று! அந்நகரத்தின் வீடுகளுள் எத்தனையோ வேல்ஸ் கொத்தர்கள் கட்டியவை. வேல்ஸ் மக்களின் தேசியக் கலைவிழாவான ஐஸ்டெத்வொட் 1900-இலும் 1929-இலும் அந்நகரிலேயே நடந்திருக்கிறது. வீடு கட்டித் தந்தவன் வீட்டை மூழ்கடித்த நன்றியறிதலை எந்த அறநூலில் சேர்ப்பது!

இனி வாக்கெடுப்பு. நான் கணக்கிலே வல்லவனல்லன். கல்லூரி என்னைவிட்டுப் போனதற்கு, அல்லது நான் கல்லூரியைவிட்டுப் போனதற்கு, அதுவும் ஒரு காரணம். ஆயினும் இந்தக் கணக்கு எனக்கும் விளங்குகிறது. அன்றைய பாராளுமன்ற மக்களவையில் உறுப்பினர் 630 பேர். அவர்களுள் வேல்ஸைச் சார்ந்தோர் 36 பேர். அந்த முப்பத்தாறு பேரில் மசோதாவை ஆதரித்து வாக்களித்தவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை! தொழிற்கட்சிக்காரரும் இல்லை, பழமைக் கட்சிக்காரரும் இல்லை. வேல்ஸ் நலனைக் கவனிக்க அமைச்சர் ஒருவர் இருந்தார். ஹென்றி புரூக் என்பது பெயர். இலண்டன் மாநகரத்துத் தொகுதியிலிருந்து வந்த ஆங்கிலேயர். அவர் மசோதாவின் பக்கமே நின்றார். 1957 ஆகஸ்டு முதல் நாள் அது சட்டமாயிற்று.

“ஜனநாயக முறைப்படிதானே நடந்தது?” என்கிறான் நண்பன். ஆம், முறைப்படிதான். முறையிலே ஒரு பிழையும் இல்லை. மசோதா படிக்கப்பட்டது, விவாதிக்கப்பட்டது, எண்ணப்பட்டது. ஆனால் யாருடைய மண் மூழ்கவேண்டுமோ அவருடைய பிரதிநிதிகளிலே ஒருவர்கூட ஒப்பவில்லை. யாருடைய குழாயில் நீர் வரவேண்டுமோ அவர்கள் கூட்டமாகக் கை தூக்கினார்கள். பத்து வீடுள்ள தெருவில் ஒன்பது வீட்டார் கூடி, பத்தாவது வீட்டுக் கிணற்றை எடுத்துக்கொள்வதென்று ஏகமனதாகத் தீர்மானிப்பதை நீ பஞ்சாயத்து என்பாயா, தோழனே?

நகரத்தின் தாகம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நகரம் அது; போரின் குண்டு வீச்சிலே நொறுங்கி எழுந்துகொண்டிருந்த நகரம்; அங்கும் பாட்டாளிகள் இருந்தனர், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் தண்ணீர் கேட்டனர். அந்தத் தொழிலாளிக்கும் கப்பெல் கெலின் குடியானவனுக்கும் பகை ஏதுமில்லை. தாகத்தைச் சொல்லி, “தருவாயா?” என்று கேட்டிருக்கலாம். எவ்வளவு நீர், என்ன விலை, எந்தப் பள்ளத்தாக்கு, எத்தனை ஆண்டு என்று எதிரெதிரே அமர்ந்து பேசியிருக்கலாம். கேட்டுப் பெற்றிருந்தால் அது கொடை. கேளாமல் எடுத்ததற்குப் பெயர் வேறு.

பிறகு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. 1963-இலே பள்ளிக்கூடம் மூடப்பட்டது. வழிபாட்டு மன்றத்திலே கடைசிக் கூட்டம் நடந்தது. இடுகாட்டிலே உறங்கியோரை என்ன செய்வது? விரும்பும் குடும்பத்தார் எடுத்துச் செல்லலாம் என்றனர். எட்டுப் பேருடைய உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டு வேறிடத்தில் புதைக்கப்பட்டன. எஞ்சியோர் அங்கேயே இருக்க, கல்லறைக் கற்களைப் பெயர்த்துவிட்டு, சரளையும் கற்காரையும் கொட்டி மூடினர். பாட்டன் நெஞ்சின்மேல் சிமெண்டு, சிமெண்டின்மேல் நீர், நீரின்மேல் படகு!

இளைஞர் சிலர் பொறுமையிழந்தனர். 1963 பிப்ரவரியிலே அணைக்கட்டுமானத்துக்கு மின்சாரம் தந்த மின்மாற்றியொன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதை நான் போற்றவில்லை. வெடிமருந்தைக்கொண்டு எவரும் ஓர் ஊரை மீட்டதில்லை. ஆனால் ஊர்வலம் போய், மனுக்கொடுத்து, வாக்களித்து, மூன்றிலும் தோற்றவனைப் பார்த்து, “அமைதி வழியில் செல்லலாமே” என்று உபதேசம் செய்த கனவான்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

1965 அக்டோபர் 21-ஆம் நாள் திறப்பு விழா. பந்தல் போட்டனர், ஒலிபெருக்கி வைத்தனர், பெருமக்களை அழைத்தனர். நூற்றுக்கணக்கானோர் வந்து நின்று முழங்கினர். ஒலிபெருக்கிக் கம்பி அறுபட்டது. சில நிமிடங்களிலே விழா முடிந்தது. சொற்பொழிவாளன் என்ற முறையிலே கம்பி அறுபட்ட பேச்சாளரின் துயரம் எனக்குத் தெரியும். அன்று மட்டும் எனக்கு இரக்கம் பிறக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஜூலை 14-ஆம் நாள், கார்மார்தன் இடைத்தேர்தலிலே, லிவர்பூல் மன்றத்தில் குரல் அமுக்கப்பட்ட அதே குவின்வோர் எவன்ஸ் வென்றார். அவருடைய கட்சியின் முதல் பாராளுமன்ற உறுப்பினரானார். அந்த வெற்றிக்குக் காரணங்கள் பல; ட்ரவெரின் மட்டுமே என்று கூறினால் அது மேடைக்கு உதவும், உண்மைக்கு உதவாது. ஆனால் வேல்ஸ் அரசியலிலே அந்நீரின் ஈரம் படாத மேடை அதன்பின் இல்லை. 1997-இலே தமக்கெனச் சட்டமன்றம் வேண்டுமா என்று மக்களைக் கேட்டபோது, நூற்றுக்கு ஐம்பதைச் சற்றே தாண்டி “வேண்டும்” என்றனர். 1999-இலே மன்றம் கூடியது. எத்தனை ஆண்டுகள் தாமதம் என்று நான் கணக்கிடவில்லை. முப்பத்தாறு பேரில் ஒருவர்கூட ஒப்பாதிருந்தும் சட்டம் நிறைவேறிய அந்நாளை மறவாதவர்கள் மூத்தோரிடையே அப்போதும் இருந்தனர்.

நீரின் வேலையையும் சற்றுக் கேள். நண்பன் ஞாயிறுதோறும் போயும் அறியாத செய்தி இது. கெலின் ஏரியிலிருந்து லிவர்பூலுக்கு நேர்க் குழாய் கிடையாது. மழைக்காலத்து நீரைத் தேக்கி, வறட்சிக் காலத்திலே ட்ரவெரின் ஆற்றில் திறந்துவிடுகிறார்கள். அது பாலா அருகே டீ என்னும் பேராற்றில் கலந்து ஓடி, வெகுதூரம் கீழே சென்றபின் எடுக்கப்படுகிறது. ஆறே குழாய்! இதனால் மற்ற ஆறுகள் வற்றிக் கிடக்கும் கோடையிலும் ட்ரவெரின் மட்டும் நுரைத்துப் பாய்கிறது. துடுப்புப் படகுக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1981-இலே உலகத் துடுப்புப் படகுப் போட்டி அங்கு நடந்தது. 1986-இலே தேசியப் படகுப் பயிற்சி மையம் எழுந்தது. இன்று இரப்பர் தெப்பத்தில் ஏறி, தலைக்கவசம் அணிந்து, கூவிக்கொண்டே அந்நீரில் இறங்குகிறார்கள் பயணிகள். அவர்கள் தரும் பணத்திலே பாலா வட்டாரத்து இளைஞருக்கு வேலை கிடைக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது.

அம்மையம் அமைந்த ஊரின் பெயர் வ்ரோன்கோக். பெயரைக் கேட்டதும் துள்ளி எழுந்தேன்! 1916-இலே அயர்லாந்து எழுச்சி ஒடுக்கப்பட்ட பின்னர், பழைய சாராய வடிசாலையிலே கம்பி வேலியிட்டு, அயர்லாந்துப் போராளிகள் ஏறத்தாழ 1,800 பேரை அடைத்துவைத்த இடம் அதுதான். மைக்கேல் காலின்ஸ் அடைபட்டிருந்ததும் அங்குதான். ஒரே ஆற்றங்கரையில் ஒரு நாட்டின் சிறைக்கூடம், மற்றொரு நாட்டின் மூழ்கிய ஊர். நடுவே தெப்பத்தில் குதூகலம். நீருக்கு அரசியல் தெரியாதாம்!

வேல்ஸின் மேற்குக் கடலோரச் சாலையிலே, லன்ரிஸ்டிட் என்னும் ஊரருகே, இடிந்த வீட்டின் சுவரொன்று நிற்கிறது. 1960-களின் தொடக்கத்திலே மெய்க் ஸ்டீவன்ஸ் என்ற இளைஞர் அதிலே பெரிய வெள்ளை எழுத்துகளால் “ட்ரவெரினை நினைவில் கொள்” என்று வேல்ஸ் மொழியிலே தீட்டினார். அவர் ஆங்கிலம் பேசி வளர்ந்து, பின்னர்த் தம் மொழியைக் கற்றவர். நம் புணர்ச்சி விதிபோல் அவர்கள் மொழியிலும் முன்சொல்லுக்கேற்பப் பின்சொல்லின் முதலெழுத்து திரியும். அவசரத்திலே அந்தத் திரிபை அவர் விட்டுவிட்டார். பின்னர் வந்தவர்கள் திருத்தி எழுதினர். ஒற்றுப்பிழையோடு சுவரெழுதும் நம் தோழர்கள் இதைக் கேட்டு மகிழலாம், ஆனால் நம் புலவர்களிடம் காட்டவேண்டாம்! 2019-இலே யாரோ அச்சுவரை இடித்தனர். தோழர்கள் உடனே திரும்பக் கட்டினர். கட்டியதோடு நில்லாமல், அதே வாசகத்தை நாடு முழுதும் சுவர் சுவராக எழுதித் தள்ளினர். ஒரு சுவரை இடித்தவன் நூறு சுவருக்கு வழி செய்தான்.

2005 அக்டோபரிலே லிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. ஏற்றோரும் உண்டு, “மிகத் தாமதம்” என்று திருப்பிக்கொண்டோரும் உண்டு. நான் அதை இகழமாட்டேன். தவறு செய்த தலைமுறை கேளாத மன்னிப்பை அடுத்த தலைமுறை கேட்டதே, அவ்வளவுக்கு மதிக்கிறேன். ஆனால் ஒன்று: மன்னிப்புக் கேட்டது நகர மன்றம். சட்டம் செய்தது பாராளுமன்றம்.

தோழனே, பிறர் குற்றத்தைப் பேசுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். இதைப் படிக்கும் நம்மவர்களிலே ஊராட்சியில் அமர்ந்தோர் உண்டு, நகராட்சியில் அமர்ந்தோர் உண்டு, கோட்டைக்குள் நுழைந்தோரும் உண்டு. ஏதோவொரு ஏரியை அழகுபடுத்தும் திட்டம் நாளை உங்கள் மேசைக்கு வரும். நடைபாதை, படகுத்துறை, வண்ண விளக்கு, சிற்றுண்டிச்சாலை எல்லாம் வரைபடத்திலே மின்னும். கரையிலே வலை உலர்த்துபவன், மாடு குளிப்பாட்டுபவன், மடைநீரை நம்பிக் கடைமடையில் பயிர் வைத்தவன் ஆகியோர் அந்த வரைபடத்திலே இருக்கமாட்டார்கள். கையெழுத்திடும் முன் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டீர்களா? “நம் ஆட்சிதானே, நம் மக்கள்தானே, ஒப்புவார்கள்” என்று ஹென்றி புரூக்கின் நாற்காலியில் நாமே அமர்ந்துவிடக்கூடாது. இதை எழுதுவதால் நம் தோழர் சிலர்க்கு என்மீது வருத்தம் வரும். வரட்டும்.

நண்பனுக்கு மறுமொழி எழுதினேன். “போ; பிள்ளைகளை அழைத்துக்கொண்டே போ. படகு ஏறு, மீன் பிடி, கரையில் அமர்ந்து உண். ஆனால் வடகரையிலே, சாலையோரத்திலே, சிறு நினைவு மன்றமொன்று இருக்கிறது. மூழ்கிய வழிபாட்டு மன்றத்தின் கற்களைக்கொண்டு கட்டியது. பெயர்த்தெடுத்த கல்லறைக் கற்கள் அதன் பக்கத்திலே நிற்கின்றன. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கு. அக்கற்களிலுள்ள பெயர்களை உன் பிள்ளைகளைப் படிக்கச் சொல். வேல்ஸ் மொழி அவர்கள் வாயில் நுழையாது, தட்டுத்தடுமாறியாவது படிக்கட்டும். 2022 கோடையைப் போல நீர் வெகுவாக இறங்கும் ஆண்டு வந்தால், பழைய ஊரின் கற்சுவர்கள் சேற்றிலிருந்து தலைநீட்டும். அதையும் படமெடுத்து எனக்கு அனுப்பு.”

இரண்டு வாரமாகிறது. அவனிடமிருந்து மறுமொழி இல்லை. கோபமாக இருக்கலாம், மருத்துவமனையில் வேலை மிகுதியாகவும் இருக்கலாம். வந்தால், அவன் பக்கத்து வாதத்தையும் இதே இடத்தில் வெளியிடுகிறேன்.